சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்

சனிக்கிழமை மதியம் லாஸ்பேட்டை கல்லூரியின் ஆய்வகத்தைப் பூட்டியதும் சரிதா முதலில் செய்வது, சுண்டு விரல்களுக்கு நகப்பூச்சு பூசிக்கொள்வது. இடது கையில் சிவப்பு, வலது கையில் பச்சை. இரவில் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் இடப்பக்கம் எரிவது சிவப்பு, வலப்பக்கம் பச்சை. "மறந்துட்டா கையப் பாத்துக்கலாம்ல?" என்பாள். மறந்ததே இல்லை.

வயது முப்பத்தெட்டு. ஸ்கூட்டரில் போகும்போதுகூட வண்டிகளுக்கு மனதுக்குள் விளக்கு மாட்டிவிடுவாள். திரும்பும் பஸ்ஸைப் பார்த்து, "பச்சையக் காட்றான், போவட்டும்" என்று முணுமுணுப்பதை சிக்னலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வெட்கமே படமாட்டாள்.

வார இறுதியில் கடலுக்குப் போகும் இராமதாஸின் பாய்மரப் படகில் அவள் உதவிக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவர் முதலியார்பேட்டையில் பைக் மெக்கானிக். கடலில் சுக்கானை யாருக்கும் விடாதவர். அவளுடைய விளக்குப் பேச்சு அவருக்குப் பொழுதுபோக்கு.

போன மாசியில் கடலூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இருட்டிவிட்டது. இடப்பக்கம் தூரத்தில் கரை. எதிரே இரண்டு வெள்ளை விளக்குகள், அவற்றின் கீழே ஒரு சிவப்பு.

"மீன்புடி படகுதான். விடு" என்றார் இராமதாஸ்.

சரிதா கண்ணெடுக்கவில்லை. வெள்ளை விளக்குகள் மெல்ல நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றன. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையும் முளைத்தது.

"அண்ணே, ரெண்டும் தெரியுது! கப்பல்ணே! நேரா நம்ம மேலதான் வர்றான்!"

இராமதாஸின் கை சுக்கானில் இறுகியது. "கரப்பக்கம் ஒடிச்சிர்றேன்."

"வேணாம்ணே! அவனும் ரைட்லதான் ஒடிப்பான், நீங்க லெஃப்ட்ல போனா அவன் மூக்குலயே போய் நிப்போம். ரைட்டு! ரைட்ல ஒடிங்க!"

இரண்டு வருடத்தில் அவள் அவரை அதட்டியது அன்றுதான். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், ஒடித்தார். படகு சாய்ந்து கடல் பக்கம் திரும்பியது. சரிதா பாய்ந்து டார்ச்சை எடுத்துப் பாயின் மேல் அடித்தாள். வெள்ளைப் பாய் முழுவதும் பளீரென்று ஒளிர்ந்தது. "பாருடா, பாரு, பாரு" என்று கப்பலைக் கெஞ்சினாள்.

என்ஜின் சத்தம் நெருங்கியது. சிவப்பும் பச்சையும் முறைத்துக்கொண்டே இருந்தன. பிறகு பச்சை மங்கியது. அணைந்தது. சிவப்பு மட்டும்.

"பச்ச போச்சு! திரும்பிட்டான்ணே!" சரிதா கத்திய கத்தலில் இராமதாஸ் சிரித்தேவிட்டார்.

மாடிக் கட்டடம்போல ஒரு சரக்குக் கப்பல் அவர்களுக்கும் கரைக்கும் நடுவே கடந்து போனது. அதன் அலை படகைத் தூக்கிப் போட்டது. எழுந்த சரிதா, ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் உறவுக்காரரை ஏற்றிவிட்டு நிற்பவள்போல, கப்பலின் பின்விளக்கு புள்ளியாகும்வரை டாட்டா காட்டிக்கொண்டே இருந்தாள்.