சுருளியம்மாள் கேட்ட நாளைக் காலைகள்

என் தூக்கத்தைக் கெடுத்துத்தான் சுருளியம்மாள் தொழில் தொடங்கினாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ அவள் பெருமை பாட வந்தவன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். ஆறு வீடுகளை ஒன்றாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஐந்தாவது வீடு அவளுடையது, ஆறாவது என்னுடையது. நடுச்சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். கூரை இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். எனக்குத் தேயிலை பாக்டரியில் இரவு வேலை, பகலெல்லாம் படுத்துக் கிடப்பேன். இப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரார் மனதில் இருப்பதையெல்லாம் கேட்கப்போகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் எப்படி இருக்கும்?

எழுபத்து நான்காம் வருஷ மழையில் கொழுந்துச் சாக்கோடு சரிவில் விழுந்து அவளுக்கு ஒரு முழங்கால் போய்விட்டது. புருஷன் முன்னமே இறந்திருந்தான். பத்தாவது பாஸ் ஆகியிருந்த மகள் சாந்தம்மாள், அம்மாவுக்குப் பதிலாகத் தன் பேரைப் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். அதனால் வீடு தப்பியது. தோட்டத்தில் பேர் இருப்பவர்களுக்குத்தான் லயத்தில் இடம். பேர் போனால் ஒரு மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தவள் ஒரு நாள் சுவருக்கு மேலாகச் சொன்னாள்: "தம்பி செல்லத்துரை, இந்தத் தோட்டத்துல புத்தி சொல்ல ஆயிரம் பேரு இருக்கான். காது குடுத்துக் கேக்கத்தான் ஆளில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்போரம் ஒரு சாக்கை விரித்துவிட்டாள். கட்டணம், அடுப்பெரிக்கக் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒரு கட்டு. "சும்மா கேட்டா எவனும் உண்மையப் பேச மாட்டான்" என்பது அவள் எண்ணம்.

முதலில் வந்தவர்கள் குறி கேட்கும் நினைப்பில் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். "எனக்குச் சாமியெல்லாம் வராதுய்யா. வெத்தலையக் கொண்டுபோயி நீயே போடு" என்று அனுப்பிவிட்டாள். விறகோடு வந்தவர்களைச் சாக்கில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வாள். "நெனச்சத முடிவு பண்ணிட்டன்னு வச்சுக்கோ. நாளைக்குக் காலையில எந்திரிக்கிற. என்ன தெரியுது, சொல்லு." அவ்வளவுதான் தொழில். செய் என்றோ செய்யாதே என்றோ ஒரு வார்த்தை வராது. "அப்புறம்?" என்பாள். "யாரெல்லாம் இருக்காங்க?" என்பாள். அதோடு சரி.

எனக்கோ பாதித் தூக்கம். கூரை இடுக்கு வழியாகப் பனி இறங்கும், அதோடு அடுத்தவர்களுடைய காலைகளும் இறங்கும். சாக்கில் வந்து உட்கார்ந்த மிக்கேல் பார்த்த காலையில் அவனுக்கு மூணாறில் சைக்கிள் கடை இருந்தது. அவன் சொல்லிக்கொண்டு போகப்போக, சைக்கிள் ஓட்டத் தெரியாத நான் ஆளில்லாத ரோட்டில் மணியடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தேன். மொக்கையன் வேலையை விட்டுவிட்டுப் போடிப் பக்கம் அண்ணனோடு சேர்ந்து நிலம் வாங்கியதாகப் பார்த்தான். கிணறு, முருங்கை, நாலு ஆடு.

"யாரெல்லாம் இருக்காங்க?"

"அண்ணன் நிக்கிறாரு."

"எப்படி நிக்கிறாரு?"

"வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிறாருக்கா" என்றான். எழுந்து போனவன் நிலம் வாங்கவே இல்லை. நான் மட்டும் சாயங்காலம் வரைக்கும் அந்தக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் கிடைக்காத வெயில் அங்கே அடித்தது.

பக்கத்து வீட்டுக்காரன் கேட்கிறானே என்று யாராவது தயங்கினால், "அவன் தூங்குறான், எந்திரிச்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது" என்று எனக்கும் சேர்த்து அவளே வாக்குக் கொடுத்துவிடுவாள். அதை இத்தனை வருஷம் காப்பாற்றினேன். இன்றைக்குத்தான் மீறுகிறேன். மிக்கேலும் மொக்கையனும் பொறுத்துக்கொள்ளட்டும்.

எழுபத்தாறு சித்திரையில் ஒரு ஞாயிறு மத்தியானம், சாந்தம்மாள் விறகுக் கட்டோடு உள்ளே வந்தாள். அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் விறகை இறக்கிவிட்டு அவள் சாக்கில் உட்கார்ந்தாள்.

"அம்மா, கோட்டயத்துல நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தேன். எடம் கெடச்சிருக்கு. கடுதாசி வந்து பத்து நாளாச்சு."

எனக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. சாந்தம்மாள் போனால் பேர் போகும், பேர் போனால் வீடு போகும். அடுப்பும் சாக்கும் தொழிலும் எல்லாம் போகும். ஒற்றை முழங்காலை வைத்துக்கொண்டு சுருளியம்மாள் எங்கே போவாள்? போகாதே என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்காகவும்தான் வேண்டிக்கொண்டேன். அந்தக் காலைகள் இல்லாமல் எனக்கு இனித் தூக்கம் வராது.

"கண்ண மூடு" என்றாள் சுருளியம்மாள்.

கொஞ்சம் பொறுத்து மகளின் குரல் மெதுவாக வந்தது. "மணி அடிக்குது. பெரிய ஹாலு, வரிசையாக் கட்டிலு. ஜன்னல்ல பனியே இல்லம்மா, வெளிய தென்னமரமா இருக்கு. வெள்ளச் சேல கட்டியிருக்கேன். என் கை சுத்தமா இருக்கு. நகத்துல கொழுந்துக் கறையே இல்ல."

"அப்புறம்?"

"படியெறங்கிப் போறேன். கீழருந்து ஒரு பொண்ணு என் பேரச் சொல்லிக் கூப்பிடுது."

அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

"யாரெல்லாம் இருக்காங்க?"

"நீ இல்லம்மா" என்றாள். "கட்டில் கட்டிலாத் தேடுறேன். நீ எங்க இருக்கன்னே தெரியல."

சுருளியம்மாள் அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"என்னத் தேடாத" என்றாள் சுருளியம்மாள். "மணி அடிச்சிருச்சில்ல. நீ போ."

அந்தச் சாக்கில் உட்கார்ந்த ஒருவருக்கு அவள் சொன்ன ஒரே புத்தி அதுதான்.

சாந்தம்மாள் பஸ் ஏறிய வாரமே பேரை எடுத்துவிட்டார்கள். ஜூன் மழையில் சாவியைக் கொடுத்தோம். தேவிகுளத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மாவாட்டும் வேலையும், இரவு படுக்க ஒரு மூலையும் சுருளியம்மாளுக்குக் கிடைத்திருந்தன. பெட்டியையும் பாத்திரத்தையும் நான் தூக்கிக்கொண்டேன். பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாத பனி. காலை ஊன்றி ஊன்றி அவள் வந்தாள். வழியெல்லாம் அடக்கிவைத்திருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டேன்.

"ஏக்கா, அவளப் போன்னு சொல்றதுக்கு முன்னால நீங்க ஒரு தடவ கண்ண மூடிப் பாத்தீங்களா, ஒங்க காலைய?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாக்கல தம்பி" என்றாள். "பாத்திருந்தா அவள விட்டிருக்க மாட்டேன்."