நான் திறந்துவிட்ட அறிக்கை

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் ஏழு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். இயந்திரங்களைப் பார்த்துத் திங்கட்கிழமைதோறும் எழுதும் சோதனை அறிக்கை என் கம்ப்யூட்டரில் வேர்டு ஃபைலாக இருந்தது. யாராவது திறந்து கைதவறி எதையாவது அழித்துவிடுகிறார்களே என்று, நானே படித்துத் தெரிந்துகொண்டு இரண்டு மேக்ரோ எழுதினேன். ஒரு விசையை அழுத்தினால் அறிக்கை பூட்டிக்கொள்ளும். படிக்கலாம், திருத்த முடியாது. இன்னொரு விசை பாஸ்வேர்டு கேட்டுத் திறக்கும். பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மில்லின் ஃபிட்டர் வெண்ணந்தூர்க்காரர். டைப் அடிக்கத் தெரியாது. மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி சொல்லுவார், நான் அடிப்பேன். ஒரு திங்கட்கிழமை, "சோளம் தள்ளுற திருகுக்கு மேல்மூடி இல்லீங்க. அவசரத்துக்கு நிறுத்துற சுவிட்சும் வேல செய்யல. ரெண்டையும் போடுங்க சாமி" என்றார். அடித்தேன். "பூட்டிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் போனார்.

வியாழக்கிழமை காலை அடைப்பெடுக்கப் போன ஃபிட்டரின் கை அந்தத் திருகில் சிக்கியது. சுவிட்சை அழுத்தியும் நிற்கவில்லை. மெயினை அணைக்க ஓடியவர்கள் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

மதியம் மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார்.

"திங்கக்கெழமை ரிப்போர்ட்டைத் தொறங்க."

"அது பூட்டினதுங்க சார்."

"தெரியும். தொறங்கம்மா."

திறந்தேன். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, 'வேலை செய்யவில்லை' என்பதை 'நன்றாக உள்ளது' என்று அவரே மாற்றினார். மேல்மூடி பற்றிய வரியை அழித்தார். "பூட்டுங்க" என்றார். பூட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மாலையே திருகுக்கு மூடியும் புதுச் சுவிட்சும் போட்டு, பார்த்தவர்களிடமும் பேசி வைத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி, யாரும் திருத்த முடியாத அறிக்கை என்பதாலேயே அதை நம்பினார். இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஃபிட்டரின் மனைவி மில்லுக்கு வந்தார்.

"சுவிட்சு சரியில்லைன்னு எழுதி வெச்சிருக்கேன்னு ஊட்ல சொன்னாருங்க. நீங்கதானுங்களே அடிச்சீங்க?"

மேனேஜர் அறைக்கதவு திறந்திருந்தது. "ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அடுத்த மாதம் வேலையை விட்டேன். ஒரு வருடம் கழித்து வெண்ணந்தூருக்குப் போய் நடந்ததையெல்லாம் அந்தம்மாவிடம் சொன்னேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்றேன். ஓட்டிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அழவில்லை.

"பாத்து வேல செய்யத் தெரியாத மனுசன்னு இத்தன நாளா நானே அவரத் திட்டிட்டு இருந்தனுங்க" என்றார். "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுத் தறியை ஓட்டத் தொடங்கினார்.