வெள்ளை உடுத்த நாள்

செத்தல் மிளகாய் எண்ணெயில் கருகும் காரம் மூக்கில் ஏறினால் இப்போதும் என் நினைவுக்கு வருவது, எழுபதுகளில் மெல்பேர்னின் கோல்ஃபீல்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக் 'குசினி'யும், அங்கே அழுதழுது பருப்புக்குத் தாளித்த அம்மாவும்தான்.

அன்று பக்கத்து வீட்டு ஐசக் அங்கிள் இறந்துவிட்டார் என்று அம்மா முடிவுகட்டியிருந்தாள். பூப்போட்ட சட்டையும் கழுத்தில் சங்கிலியுமாகவே திரியும் அவர் மனைவி ரூத் அன்ரி, காலையில் முழு வெள்ளையில், வெறுங்கழுத்தோடு தெருவில் போவதைக் கண்டால் ஒரு யாழ்ப்பாணத்துக்காரி வேறென்ன நினைப்பாள்? அங்கிள் ஒரு கிழமையாக இருமிக்கொண்டும் இருந்தார். "செத்த வீட்டில அடுப்பு எரியாது, அயலட்டைதான் சாப்பாடு குடுக்க வேணும்" என்று சொல்லிச் சொல்லியே சமைத்தாள்.

அந்த அழுகை முழுவதும் அங்கிளுக்கானதல்ல. ஊரைவிட்டு வரும்போது, போகவேண்டாமென்று மறித்த தன் தகப்பனிடம், என் அப்புவிடம், "நீங்கள் செத்தாலும் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். இரண்டு வருடமாக மாமாவுக்கு எழுதும் கடிதங்களில்கூட அப்புவை விசாரிக்கவில்லை. அப்புவும் எழுதவில்லை. பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு.

பின்னேரம் சோற்றுச் சட்டியோடு போய்க் கதவைத் தட்டினோம். திறந்தவர் ஐசக் அங்கிள், அதுவும் கணுக்கால்வரை வெள்ளை அங்கியில்! அம்மா போட்ட "ஐயோ!"வில் சட்டி என் கையில் ஆடியது. அன்று யூதர்கள் வெள்ளை உடுத்தி, நகை போடாமல் விரதமிருக்கும் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு நாள்; முதல்நாள் மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடியாத இருவரிடம் நாங்கள் பருப்புக்கறியை நீட்டிக்கொண்டு நின்றோம். விஷயம் விளங்கியதும் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த அங்கி தன்னைப் புதைக்கும்போது உடுத்தப்போவது, பொக்கற்றே கிடையாது, வருடத்துக்கொருமுறை போட்டுப் பார்ப்பது வழக்கம் என்று, புதுச்சட்டை காட்டுகிறவர் போல அங்கிள் சொன்னார். வயது ஏற ஏற அது அளவாகிக்கொண்டு வருகிறதாம். கடவுளுக்குச் செய்த பிழையை மட்டும்தான் இன்று கடவுள் மன்னிப்பார், மனிதருக்குச் செய்ததை அவரவரிடமே கேட்கவேண்டும் என்றார் அன்ரி.

"அப்பா தூரதேசத்தில் இருந்தால்?" என்று அம்மா அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அதற்குத்தானே முத்திரை விற்கிறார்கள்" என்றார் அன்ரி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எழுதினாள். அப்புவின் பதில் ஒரு மாதம் கழித்து, நடுங்கிய கையெழுத்தில் வந்தது. "நீ என்ன சொன்னனி எண்டே எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை. வயது போட்டுது." அதைப் படித்து அம்மா சிரித்தாள், பிறகு வெகுநேரம் அழுதாள். அப்பு காலமானபிறகுதான் மாமா சொன்னார்: அம்மா சொல்லிவிட்டு வந்த அந்த வசனத்தை அவர் ஒரு சொல் மாறாமல் கடைசிவரை நினைவில் வைத்திருந்தாராம்.

இன்று அங்கிளும் இல்லை, அன்ரியும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த இரண்டு வீடுகளையும் இடித்து மாடிக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். போனவருடம் என்னோடு கோபித்துக்கொண்டு சிட்னிக்குப் போன மகள், நேற்று தொலைபேசியில் தயங்கித் தயங்கி, "அம்மா, அண்டைக்கு நான் சொன்னது... ஐ'ம் சாரி" என்றாள்.

"என்ன சொன்னனி?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்டும் ஞாபகமில்லையே."