எட்டு ஆள் நடவு

நீண்ட ஆலோசனைக்குப் பின், இன்று வி.ஏ.ஓ. ஆபீஸில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவதென முடிவெடுத்தேன்.

வெள்ளச் சேதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பட்டா இன்னும் கைக்கு வராத அஞ்சலையிடம் எழுத்தர் கேட்டார்: "எவ்வளவு மூழ்கிச்சு?"

"எட்டு ஆள் நடவுங்க. முழுசும் போச்சு."

"ஆளைக் கேக்கல. அளவைச் சொல்லு."

"ஒரு மா நிலம் நடுறதுக்கு நாலு ஆளு. எங்க வயலுக்கு எட்டு ஆளுங்க. வருசா வருசம் நடுறேனே."

பக்கத்து வயல்காரர் சிரித்தார். "அதான் ஒரு மான்னு அதுவே சொல்லுதே, எழுதுங்க சார்."

"ஐயோ, ரெண்டு மாங்க!"

"இப்ப ஒண்ணுன்ன, அதுக்குள்ள ரெண்டா? எண்ணத் தெரியாதா உனக்கு?" என்றார் எழுத்தர்.

எட்டை நாலால் வகுக்கத் தெரிந்த ஏழு பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

அஞ்சலை பெயரில் ஒரு மா பதிவானது. இன்னொரு மா பக்கத்து வயல்காரரின் சேதத்தில் சேர்ந்தது.