கொசுறு சொன்ன முடிவு

எங்கள் மாப்பிள்ளைக்குத் தெருவில் பெயர் கொசுறு. வாடகைக்கு நாவல் எடுக்க வருகிறவர்களுக்குப் புத்தகத்தோடு பாதிக் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். யாரும் கேட்கவே வேண்டாம். பக்கத்துக் கடையில் பூட்டு விற்று, சாவி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் நான். தங்கையைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு முழுக் கதையையும் கேட்டாக வேண்டும். ஒரு புத்தகமும் படித்தவனில்லை, ஆனால் எந்த நாவலில் யார் சாகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடுவேன்.

அவர் கடையில் அதிகம் போவது இந்திய எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நாவல்கள்தான். எனக்கு அது பிடிபடவே இல்லை. "நம்ம வீட்டுச் சண்டைய இங்கிலீஷ்ல படிக்க வாடகை வேறயா, மாப்பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன்.

அப்போது அலமாரிக்கு முன்னால் பம்புக்காரன் மனைவி நின்றிருந்தாள். அவள் கணவன் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்கிறவன். அதிர்ந்து பேசாத பெண் அவள், ஆனால் அன்று அவள்தான் எனக்குப் பதில் சொன்னாள்.

"வெள்ளைக்காரங்க கதைன்னா எங்கேயோ யாருக்கோ நடக்குதுண்ணா. இதுல எங்க அடுப்படி இருக்கு. மாமியார் இருக்காங்க. கதவு பக்கத்துல நின்னு ஒட்டுக் கேக்குறவங்க இருக்காங்க. ஆனா எங்க வீட்டுல என்னைத் தவிர யாருக்கும் இது புரியாது. மேசை மேலயே வச்சுட்டுப் போகலாம்."

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "முடிவ மட்டும் சொல்லிடாதீங்கண்ணா," என்றாள். அவர் வாயை அடைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளிடம் சொல்ல முடியாததை அவள் தலை மறைந்ததும் என்னிடம் வந்து கொட்டினார். வீட்டை விட்டு வெளியேறும் ஒரு மனைவியின் கதையாம் அது. "கடைசியில போக்கிடம் இல்லாம அதே வீட்டுக்கே வந்துடுறா மச்சான்," என்றார் வருத்தமாக.

கொளுத்துகிற வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவாள். நாங்கள் இருவரும் கவனித்தோம். கவனித்ததைப் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரம் ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து, அலமாரிக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். "திங்கக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்புறேன். அவருக்குத் தெரியாது," என்றாள். மாப்பிள்ளை அன்று யாருக்கும் கதை சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் கணவன் வந்தான். கையில் அந்த நாவல். எங்கள் கடைகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்பு, எல்லாம் என் காதில் விழும்.

"எனக்கு இங்கிலீஷ் வராது சார். இங்க பென்சில்ல கோடு போட்டிருக்கா. என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

மாப்பிள்ளை சொன்னார். கணவன் களைத்து வருவானே என்று மனைவி வாசலில் காத்திருக்கிறாளாம், சாப்பாடு ஆறிப்போகிறதே என்று கவலைப்படுகிறாளாம். கதை அளக்க அவருக்குச் சொல்லியா தரவேண்டும்? அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு போனை எடுத்துப் பக்கத்துக்கு மேல் பிடித்தான். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தமிழில் படித்தது. "அவன் போன பிறகு அவள் தன் பையை எடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை."

"போன் வேற மாதிரி சொல்லுதே சார்," என்றான் சிரித்துக்கொண்டே. "நீங்க அதவிட நல்லா கதை சொல்றீங்க."

அவளும் மாப்பிள்ளையும் நானும் ஆங்கிலத்தைச் சாவியில்லாத பெட்டி என்று நம்பியிருந்தோம். என்ன முட்டாள்தனம்.

புத்தகத்தை அங்கேயே போட்டுவிட்டு அவன் நேராக என் கடைக்கு வந்தான். இருப்பதிலேயே பெரிய பூட்டாகக் கேட்டான். என் கை பழக்கத்தில் எடுத்துக் கொடுத்தது, வாய் பழக்கத்தில் புகழ்ந்தது. "எல்லாச் சாவியும் குடுங்க. ஒண்ணும் உங்ககிட்ட இருக்கக் கூடாது," என்றான். அவன் பைக் கிளம்பிய பிறகுதான் அந்தப் பூட்டு எந்தக் கதவுக்கு என்று எனக்கு உறைத்தது.

மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்கள். அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"டூல்ஸ் பெட்டிய எடுங்க மச்சான்."

"அடுத்தவன் வீட்டுப் பூட்டத் தொட்டா என் பொழப்பு போயிடும், மாப்பிள்ளை."

"அவ உசுரு போயிடும்," என்றார்.

பம்புக்காரன் வீட்டு வாசலில் பைக் இல்லை. கதவில் நான் விற்ற பூட்டு தொங்கியது. மாப்பிள்ளை குனிந்து, "அம்மா, நான்தான், புத்தகக் கடை," என்றார்.

உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, தரையோடு தரையாகக் கதவின் அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணா, புத்தகத்த அவர் பிடுங்கிட்டாரு. முடிக்கல." மூச்சு வாங்கினாள். "அவ என்ன ஆனா? முடிவச் சொல்லுங்கண்ணா."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அந்த முடிவு எனக்கும் தெரியும்.

"போயிட்டாம்மா," என்றார். "திரும்பி வரவே இல்ல."

நான் கம்பியைப் பூட்டுக்குள் விட்டேன். லேசில் திறக்காது என்று நானே சொல்லி விற்ற பூட்டு. பூட்டின் உள்பிடிகளில் ஒன்று விட்டுக்கொடுத்த நேரத்தில் தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை பையை மார்போடு பிடித்துக்கொண்டு எனக்கும் தெருவுக்கும் நடுவில் போய் நின்றார்.

"நீங்க பூட்டப் பாருங்க மச்சான்," என்றார்.