நானூற்றுப் பன்னிரண்டு

இதைச் சொன்னால் என் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாததுபோல் நடிப்பார்கள் என்பதுதான் சரி. நடந்தது நடுராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன வானிலை நிலையத்தில். அந்த வேலையை வாங்கித் தந்தவள் என் அண்ணி. அவளுக்கும் அங்கேதான் வேலை. வேறு ஊரில், துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கிக் கிடந்த என்னை, விண்ணப்பம் எழுதிக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லி, கையோடு கூட்டிப் போனாள். அன்றிலிருந்து அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

மழை அளக்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் வெளியே போய் மழைமானியைப் பார்த்து அளவைச் சத்தமாகச் சொல்வார். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். ஒரு வருடம் இதைச் செய்தால், தனியாக இருக்கும்போதும் வாய் தானாகக் கத்திவிடும்.

வானொலிக்கு ‘இதே நாளில்’ என்று தினமும் நாலு வரி எழுதுவதும் என் வேலைதான். நவம்பர் ஒன்பதுக்கு மட்டும் நாலு வரி போதவில்லை. எங்கள் பகுதியில் அதே தேதியில் ஒரு வருடம் ஆலங்கட்டி விழுந்து கூரைகள் நொறுங்கின. ஒரு வருடம் சூறைக்காற்று பாலத்தைப் பெயர்த்தது. இன்னொரு வருடம் ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மழை. வானத்துக்கு இந்தத் தேதிமேல் என்ன கோபமோ என்று சிரித்துக்கொண்டே எழுதினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபின் வந்த முதல் நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் வேலைக்கு ஒரே ஆள்தான். அண்ணியின் முறை. காலையில் போன் செய்தாள்.

"உடம்பு அனலா கொதிக்குது. இன்னிக்கு மட்டும் எனக்குப் பதிலா போறியா?"

"இதெல்லாம் கேக்கணுமா அண்ணி? நீங்க படுங்க."

மத்தியானம் இரண்டு மணி. லேசான மழை. வெளியே போய் அளந்தேன். பழக்கதோஷம், கத்திவிட்டேன்.

"பதினெட்டு."

"பதினெட்டு," என்றது உள்ளேயிருந்து அண்ணியின் குரல்.

பாவம், மனசு கேட்காமல் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளே போனேன். யாரும் இல்லை. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அதன் கீழே தண்ணீர் சொட்டியிருந்தது. குளியலறையில் தலை துவட்டுகிறாள் போல என்று என் வேலையைப் பார்த்தேன்.

கால் மணி நேரத்தில் வானம் கறுத்துவிட்டது. மழைமானிக்குப் பக்கத்திலிருந்த காற்றுமானிக் கம்பம் ‘க்ரீச்... க்ரீச்...’ என்றது. மறுபடி வெளியே போனேன்.

"இருபத்தேழு."

"நானூற்றுப் பன்னிரண்டு."

"இருபத்தேழு அண்ணி."

"நானூற்றுப் பன்னிரண்டு... அங்கேயே நில்லு. இன்னொரு தடவை பாத்துச் சொல்லு."

அதே குரல். ஆனால் ஏற்ற இறக்கமே இல்லை. ஜன்னலை எட்டிப் பார்த்தேன்.

நாற்காலி காலி.

மழைக்கோட்டுக்குள்ளிருந்து போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். பின்னால் டிவி ஓடியது. அண்ணன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்."

நான் எதுவும் சொல்வதற்குள் அவளே கேட்டாள். மெதுவாக...

"திருப்பிச் சொல்லுதா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தெரியுமா உங்களுக்கு?"

டிவி சத்தம் நின்றது. அண்ணனின் சிரிப்பும் நின்றது. பிறகு போன் வைக்கப்பட்டது.

ஜன்னலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சொல்லு... எத்தனை?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சொல்லும்மா..."

ஓடினேன்.

முதுகுக்குப் பின்னால் ‘டமார்’.

வாசல் காவலாளியின் கூண்டுக்குள் போய் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கம்பம் அடியோடு முறிந்து மழைமானியின் மேல் கிடந்தது. நான் நின்ற அதே இடம்.

காவலாளியை நாங்கள் மீசை என்போம். முகத்தில் ஒரு முடி கிடையாது. எப்போதும் கிண்டலடிக்கும் மனிதர் அன்று துண்டை நீட்டிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

"ஆலங்கட்டி, சூறாவளி, பெருமழை... மூணு தடவையும் அளக்கப் போன ஆள் திரும்பலைம்மா. மூணு பேருமே வேற ஒருத்தருக்குப் பதிலா வந்தவங்க. இங்க எல்லாருக்கும் தெரியும். உங்க அண்ணி சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

சொல்லவில்லை. ஒரு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். சொல்லவில்லை.

"அவங்களே போன வருஷம் இதே தேதியில இப்படித்தான் ஓடி வந்தாங்க. உள்ள ஒரு பொண்ணு குரல் கேக்குதுன்னாங்க. யார் குரல்னு கேட்டேன்."

"யாராம்?"

"என் நாத்தனார் குரல்னாங்க."

அவளுக்கு நாத்தனார் நான் ஒருத்திதான். போன வருடம் அந்தத் தேதியில் நான் துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையத்தை அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அண்ணி விண்ணப்பத்தோடு என் வாசலில் வந்து நின்றது, அதற்கு அடுத்த வாரம்.