மதகடி வளைவின் வெள்ளைக் கோடு

மதகடி வளைவு என்று நாங்கள் சொல்கிற இடத்தில் வீதியின் நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள் விடாமல் ஓடுகின்றன. அங்கே ஒருவரை ஒருவர் முந்தக்கூடாது, கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டிச் சில்லுப் போகக்கூடாது என்பது அதன் பொருள். லைசென்ஸ் எடுக்கப் போன அன்று எல்லோரும் இதைப் பாடமாக்கி ஒப்புவித்தவர்கள்தான். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அந்தக் கோடு திருநாளுக்குக் கட்டின தோரணம் மாதிரி ஆகிவிட்டது. வீதியை வடிவாக்கப் பூசினது என்று நினைக்கிறார்கள்.

நான் ஐஸ் ஏற்றுகிறவன். கீரியில் வீடு. காலையில் மன்னாரில் என் சின்ன லொறியில் ஐஸை ஏற்றிக்கொண்டு, தாம்போதியால் கடலைக் கடந்து, வடக்கே இலுப்பைக்கடவைப் பக்கம் இருக்கிற மீன் வாடிகளுக்குப் போவேன். சோழகக் காற்றுக் காலத்தில் தாம்போதியில் வண்டியை நேராகப் பிடிக்கவே கை நோகும். அந்தக் காற்றில்கூட முந்துகிறவன் முந்திக்கொண்டுதான் போவான். மன்னார் ரவுனில் கழுதைகள் நடுவீதியில் நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். கழுதை நின்றால் நின்ற இடத்தில் நிற்கும், விலத்திக்கொண்டு போகலாம். கோட்டைத் தாண்டி எதிரே வருகிற பஸ்ஸை எங்கே விலத்துவது? அந்த வளைவில் ஒரு பக்கம் மதகுப் பள்ளம், மற்றப் பக்கம் உடைமரப் பற்றை.

என் மகளுக்கு இலுப்பைக்கடவைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை நியமனம் கிடைத்தது. கிடைத்த அன்று என் மனைவி கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். அந்தத் தூரத்துக்குத் தினமும் ஸ்கூட்டியில் போய்வர வேண்டும் என்பது அடுத்த நாள்தான் எங்கள் மண்டையில் ஏறியது. காலையில் வீட்டிலிருந்து போகிற பஸ் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் அங்கே போய்ச் சேரும். இடமாற்றம் கேட்டோம். உங்களுக்குப் பதிலாக ஆள் வரட்டும் பார்ப்போம் என்றார்கள். ஆள் வரவில்லை, வரப்போவதும் இல்லை.

ஒரு நாள் அவள் ஸ்கூட்டிக்குப் பின்னால் நான் லொறியில் போய்க்கொண்டிருந்தேன். மதகடி வளைவில் எதிரே ஒரு பஸ். அதற்குப் பக்கத்திலேயே, எங்கள் பாதையில், இன்னொரு பஸ். நீல நிறம். முன்னால் போகிற பஸ் அடுத்த தரிப்பில் நிற்கிற சனத்தை அள்ளிவிடும் என்று அதை முந்துகிறான். இரண்டு வெள்ளைக் கோடும் அவன் வயிற்றுக்குக் கீழே கிடந்தன. மகள் ஸ்கூட்டியை வீதியோரக் கிரவலில் இறக்கி, ஆடி, காலை ஊன்றி நின்றாள். பஸ் போய்விட்டது. நான் இறங்கி ஓடினேன். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்டுமில்லை அப்பா. உவர் எப்பவும் இப்பிடித்தான்," என்றாள்.

எப்பவும் இப்படித்தான். அதாவது, ஒவ்வொரு நாள் காலையும் என் பிள்ளை அந்தக் கிரவலில் இறங்கி, அந்தப் பஸ் போன பிறகு ஏறிப் போகிறாள். எங்களிடம் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் உயிரோடு வீடு வரவேண்டும்.

கொஞ்ச நாளைக்கு முதல்தான் உறவுக்காரப் பையன் ஒருவனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, வாடகை வான் ஒன்றில் அதிவேகப் பாதையால் கொழும்புக்குப் போயிருந்தேன். முதல் தடவை. மெதுவாகப் போகிறவர்கள் இடப்பக்கம். முந்துகிறவர் வலப்பக்கம் எடுத்து, முந்தி, திரும்பவும் இடப்பக்கம் வந்துவிடுகிறார். கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூட எங்கள் ஆட்கள் இப்படி வரிசையில் போய் நான் பார்த்ததில்லை. வான்காரத் தம்பியிடம் கேட்டேன், இதென்ன, இவர்களும் எங்கள் நாட்டுச் சனம்தானே என்று.

"இஞ்சை கமரா இருக்கண்ணை. எங்க இருந்து பாக்கிறாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது," என்றான்.

அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பொலிஸுக்குப் போனேன். எங்கள் வீதியில் போக்குவரத்துப் பொலிஸார் நிற்கிற இடம் ஒன்று உண்டு. தாம்போதி தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் வருகிற வேப்பமரம். நல்ல நிழல். அந்த நிழலில் நின்று தலைக்கவசம் இல்லாதவன், வரிப்பத்திரம் முடிந்தவன் என்று மோட்டார் சைக்கிள்காரரைப் பிடிப்பார்கள். பஸ் வந்தால் அது பாட்டுக்குப் போகும். வேப்பமரத்தடியில் முந்துகிறவன் யார்? அங்கே நேர் வீதி, கோடும் விட்டுவிட்டுத்தான் கீறியிருக்கிறது.

போக்குவரத்துக்குப் பொறுப்பான சார்ஜன்ட் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். மனிதரைக் குறை சொல்லமாட்டேன், கதிரை தந்து இருக்கச் சொல்லிக் கேட்டார்.

"சேர், வேம்படியில நிண்டு என்ன பிரயோசனம்? வளைவில நில்லுங்கோ. மறைஞ்சு நில்லுங்கோ. இல்லாட்டி ஒரு கமராவைப் பூட்டுங்கோ," என்றேன்.

அவர் சிரித்தார். "கமரா எல்லாம் கொழும்புக்கு ஐயா. எங்களுக்கு மழைக்கோட்டே இன்னும் வரல்ல. நீங்க பஸ் நம்பர் தாங்க. ஆனா நம்பர் மட்டும் போதாது. பார்த்த ஆள் கோர்ட்டுக்கு வந்து சொல்லணும். யாரு வருவாங்க?"

"நான் வாறன்."

"நீங்க அப்பா. பஸ்காரன்ட லோயர் அதைத்தான் முதல்ல கேட்பார்." மேசையில் இருந்த கடமைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "சரி. அடுத்த கிழமை காலையில நாங்க வளைவில நிக்கிறோம். கண்ணால கண்டா நாங்களே சாட்சி."

எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. சொன்னபடியே வந்தார்கள். நிழல் இல்லாத இடம், பாவம், மதகுக் கட்டில் குந்தியிருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் லொறியை நிறுத்தி, ஐஸை உடைத்துத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டாரைக்கூட நான் அப்படிக் கவனித்திருக்கமாட்டேன்.

ஆனால் அந்தக் கிழமை முழுக்க மதகடி வளைவில் ஒருவனும் ஒருவனை முந்தவில்லை. எல்லா வாகனமும் கோயில் திருநாளில் சுருவப் பவனி போகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி, மெல்ல மெல்ல வந்தன. நீலப் பஸ்ஸும் வந்தது. சாரதி சார்ஜன்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். வளைவு தாண்டி அடுத்த நிமிடம் முன்னால் போன பஸ்ஸை அவன் ஹோர்ன் அடித்து முந்துவது எனக்குக் கேட்டது. அந்தக் கிழமையில் பிடிபட்டவர்கள் தலைக்கவசம் இல்லாமல் வந்த ஒரு கிழவரும், லைசென்ஸை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு மீன் வியாபாரியும்தான்.

"உங்கட ஆக்கள் நல்லாத்தானே ஓடுறாங்க ஐயா," என்றார் சார்ஜன்ட். கேலிக்குச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். அவருக்கும் தெரியும்.

லைற் அடிக்கிறார்கள். பொலிஸைத் தாண்டி வருகிறவன் எதிரே வருகிறவனுக்கு முன் விளக்கை இரண்டு மூன்று தடவை அணைத்து எரித்துக் காட்டுவான். நிற்கிறார்கள், பார்த்து வா என்று அர்த்தம். யார் நிற்கிறார்கள் என்று எங்கள் பக்கம் ஒருவரும் கேட்பதில்லை. இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. சண்டைக் காலத்தில் எங்களிடம் விளக்கு எரிகிற வாகனம் ஏது? சைக்கிளில் எதிரே வருகிறவர் பக்கத்தில் வரும்போது தலையைத் திருப்பாமல் "நிக்கிறாங்கள்" என்பார். அந்த ஒரு சொல்லில் எத்தனையோ பிள்ளைகள் வழியைத் திருப்பிக்கொண்டு போய்த் தப்பினார்கள். என்னையும் அப்படி ஒருவர் திருப்பி அனுப்பினார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. கண்டும் சொல்லாமல் போனவனை ஊர் மன்னித்ததே இல்லை. அப்படி உயிர் காத்த பழக்கம் இப்போது யாரைக் காக்கிறது என்று பாருங்கள்.

பொறுக்கமுடியாமல், வாகனக்காரர் கூடுகிற தேத்தண்ணிக் கடையில் வாயைத் திறந்தேன். "தம்பிமார், கொஞ்ச நாளைக்கு ஒருத்தரும் லைற் அடியாதையுங்கோ. அந்த வளைவில என்ர பிள்ளை போறாள். உங்கட பிள்ளையளும்தான் போகுதுகள்," என்றேன்.

எனக்கு நல்ல பழக்கமான வான்காரன் ஒருவன் கிளாசை வைத்துவிட்டுச் சொன்னான்: "அண்ணை, உங்களில மரியாதை இருக்கு. ஆனா ஆளைக் காட்டிக் குடுக்கிற வேலையை எங்களிட்டக் கேளாதையுங்கோ."

காட்டிக் கொடுக்கிறவன். இந்த மண்ணில் அதைவிடப் பெரிய வசை கிடையாது. அந்தச் சொல்லால் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயிருக்கின்றன. நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எதிரே வந்த வாகனங்கள் எனக்கு லைற் அடிக்கவில்லை, கை காட்டவும் இல்லை. என் ஐஸ் லொறி வருகிறதென்றால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு போனார்கள்.

கிழமை முடிந்தது. பொலிஸார் வேப்பமரத்தடிக்குத் திரும்பிவிட்டார்கள். அதற்கடுத்த கிழமை, மழை தூறிய ஒரு காலை, வாடியில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. நான் மதகடிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்கூட்டி மட்டும் பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகள் தண்ணீரில் ஊறிப்போய்க் கிடந்தன. கோடு மழையில் கழுவிப் பளிச்சென்று இருந்தது. அதன் மேல் காறித் துப்பினேன். வேறென்ன செய்ய?

உயிர் இருந்தது. இடது கால் தொடையிலும் முழங்காலிலும் நொறுங்கிவிட்டது. தகடு வைத்தார்கள். மூன்றாம் நாள் சார்ஜன்ட் வாக்குமூலம் எடுக்க மன்னார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"எந்த பஸ்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். மற்றதை நான் பார்க்கிறேன்."

மகள் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு, "பஸ் ஒண்டும் இல்லை சேர். மணலில சறுக்கினது," என்றாள்.

"எடி விசரி, என்ன கதைக்கிறாய்? நீலப் பஸ் எண்டு ஏத்தின சனமே சொல்லுது," என்று கத்தினேன். அந்தச் சனத்தில் ஒருவரும் வாக்குமூலம் கொடுக்க வரவில்லை என்பது வேறு கதை. சார்ஜன்ட் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு சொன்னாள். நீலப் பஸ் சாரதி அவளுடைய பள்ளிக்கூடத்து ஊர்க்காரன். அவனுடைய மகள் இவள் வகுப்பில் முன்வரிசை வாங்கில் இருக்கிற பிள்ளை. "லைசென்ஸ் போனா அதுகள் என்ன செய்யிறது அப்பா? நாளைக்கு அந்தப் பிள்ளையின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?" என்றாள். சாரதியும் மனைவியும் பழங்களோடு வந்து வாசலில் நின்றார்கள். அவன் அழுதான். உண்மையாகவே அழுதான். இனி அந்த வளைவில் முந்தமாட்டேன் என்று என் கையைப் பிடித்தான். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மாதங்கள் போயின. மகள் ஊன்றுகோலோடு மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஸ்கூட்டிக்கு இனிக் கால் மடியாது. ஐஸ் லொறியில் எனக்குப் பக்கத்தில், காலை நீட்டி வைத்துக்கொண்டு வருகிறாள்.

போன திங்கள் வேப்பமரத்தைத் தாண்டினோம். சார்ஜன்ட் இன்னும் இரண்டு பேரோடு நிழலில் நின்றார், எனக்குத் தலையசைத்தார். அன்று புதிதாகப் பஸ்களையும் மறித்துக்கொண்டிருந்தார்கள். மகளும் அதைப் பார்த்தாள். மதகடி வளைவுக்கு வந்தபோது எதிரே ஒரு பஸ். அதற்குப் பக்கத்தில், எங்கள் பாதையில், நீலப் பஸ். நான் பிரேக்கை மிதித்துக் கிரவலில் இறக்கினேன். பின்னால் ஐஸ் கட்டிகள் சரிந்து இடித்தன. மகள் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும்.

அவன் எங்களைக் கடக்க முதல், மகள் என் பக்கம் சரிந்து, கையை நீட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற லைற் சுவிட்சைத் தட்டினாள். மூன்று தடவை. நீலப் பஸ்காரன் கையை உயர்த்தி நன்றி காட்டிவிட்டுப் போனான்.

இஞ்சின் நின்றுவிட்டிருந்தது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"அப்ப பொலிஸ் இஞ்சை வந்து நிண்ட அந்தக் கிழமை?" என்று கேட்டேன்.

"நானும்தான் அடிச்சனான் அப்பா," என்றாள். "வளைவில நிண்ட உங்கள் எல்லாரையும் தாண்டிப் போன உடனே எனக்கு எதிர முதல் வாறது அவர்தானே."

லொறியை எடுக்க நேரமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும், ஐஸும் உருகிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி, கோட்டுக்கு இடப்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.